தோளை மறந்த இருக்கைகள்

1980களின் இறுதியில் அமெரிக்க ராணுவம் தன் ஆட்களைத் தலை முதல் கால் வரை அளந்தது. சீருடை தைக்கவும் வண்டிகளில் இருக்கை அமைக்கவும் அளவு வேண்டுமல்லவா? 1988-ல் முடிந்த அந்தக் கணக்கெடுப்பில் 1,774 ஆண்கள், 2,208 பெண்களின் அளவுகள் பதிவாகின. நூற்றுக்கும் மேற்பட்ட அளவுகளில் நமக்கு இங்கே வேண்டியவை மூன்றுதான். உட்கார்ந்திருக்கும் ஆணின் இடுப்பு அகலம் சராசரியாக 37 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தோள் அகலம் 49. முழங்கைகளை மடக்கி உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டாலும், ஒரு கையின் வெளிப்புறத்திலிருந்து மறு கையின் வெளிப்புறம் வரை 54 சென்டிமீட்டருக்கும் மேல்.

இவர்கள் எடைக் கட்டுப்பாடு உள்ள படைவீரர்கள், தினமும் ஓடுகிறவர்கள். இவர்களில் சராசரி ஆள் ஒருவரைப் போயிங் 737 விமானத்தின் சாதாரண வகுப்பில் உட்கார வைத்துப் பாருங்கள். இருக்கையின் அகலம் சுமார் 17 அங்குலம், அதாவது 43 சென்டிமீட்டர். இடுப்பு தாராளமாக உட்கார்ந்துவிடும். தோள் இரண்டு பக்கமும் மூன்று சென்டிமீட்டர் வீதம் வெளியே நிற்கும். முழங்கைகள் அதற்கும் அப்பால். பக்கத்தில் இதே அளவுள்ள இன்னொருவர் வந்து உட்கார்ந்தால், யாரும் எந்தத் தவறும் செய்யாமலே இடி தொடங்கிவிடுகிறது.

பஸ்ஸிலோ ரயிலிலோ இடம் போதாமல் முகம் சுளிக்கும்போது நம் கண் முதலில் போவது பக்கத்தில் இருப்பவரின் வயிற்றின்மீதும் தொடையின்மீதும்தான். குற்றவாளியை அங்கேயே கண்டுபிடித்துவிடுகிறோம். ஆனால் இருக்கை என்ற பொருளே இடுப்பை மனத்தில் வைத்து வெட்டப்பட்டது; தோள் அதன் கணக்கில் வரவே இல்லை. பெண்களின் அளவுகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அதே கணக்கெடுப்பில் பெண்களின் இடுப்பு ஆண்களைவிட ஓரிரண்டு சென்டிமீட்டர் அகலம். தோளோ 43 சென்டிமீட்டர்தான். இரண்டு பெண்கள் அருகருகே அமர்ந்தால் அந்த விமான இருக்கை ஏறக்குறையப் பொருந்துகிறது. இரண்டு ஆண்கள் அமர்ந்தால் பொருந்தவில்லை. பருமன் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது.

இந்திய உடல்கள் சராசரியில் இதைவிடச் சிறியவை, உண்மைதான். நம் இருக்கைகளும் சிறியவை. தமிழ்நாட்டின் நகரப் பேருந்துகளிலும் ஊர்விட்டு ஊர் போகும் சாதாரணப் பேருந்துகளிலும் ஒரு வரிசையில் ஒரு பக்கம் மூவர், மறுபக்கம் இருவர். பஸ்ஸின் வெளி அகலம் சுமார் இரண்டரை மீட்டர். இரண்டு பக்கச் சுவர்களுக்குப் பத்து சென்டிமீட்டரும், நடுவே ஒரு ஆள் நடக்க நாற்பதும் கழித்தால் மிஞ்சுவது இரண்டு மீட்டர். ஐந்து பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 40 சென்டிமீட்டர். இது என் தோராயக் கணக்கு. வண்டிக்கு வண்டி கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் எந்த வண்டியிலும் 50 வராது.

இந்த 40 சென்டிமீட்டரில் ஊர் எப்படி ஓடுகிறது என்பதற்கு ஷேர் ஆட்டோக்காரர்களிடம் பதில் இருக்கிறது. மூவர் உட்காரும் பின்னிருக்கையில் நான்காமவர் ஏறும்போது, டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வார்: "ஒருவர் முன்னால் வாருங்கள், ஒருவர் பின்னால் சாய்ந்துகொள்ளுங்கள்." முன்னால், பின்னால், முன்னால், பின்னால் என்று நான்கு பேரும் அடுக்கப்பட்டுவிடுவார்கள். அனுபவத்தில் வந்த வித்தை இது. அதன் பின்னால் இருப்பது மேலே சொன்ன அளவுகள்தான். இடுப்புக்கும் தோளுக்கும் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கிறதே, அந்த வித்தியாசத்தை ஒருவர் தோளுக்குப் பின்னால் இன்னொருவர் தோளை நுழைத்துச் சரிக்கட்டுகிறார்கள்.

பஸ்ஸின் மூவர் இருக்கையிலும் இதுவே நடக்கிறது. 120 சென்டிமீட்டர் பலகையில் அந்த ராணுவ அளவிலுள்ள மூன்று ஆண்களை உட்கார வைத்தால் இடுப்புகளுக்கு 111 போதும். தோள்களுக்கு 147 வேண்டும். நடுவில் இருப்பவர் ஒரு சாண் முன்னால் நகர்ந்து, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டால் மூவருக்கும் இடம் உண்டு. அவரும் நிமிர்ந்து சாய்ந்தால் ஓரத்தில் இருப்பவரின் ஒரு பாதி நடைபாதையில் தொங்கும். ஆகவே நெரிசல் இருக்கையில் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, ஒடுங்கிக்கொண்டு உட்காருவதைவிட, முன்பின்னாக மாறி உட்காருவது. ஒடுங்குகிறவருக்குப் பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும். முன்னால் நகர்ந்தவர் அரை மணிக்கு ஒருமுறை பக்கத்தவரோடு முறை மாற்றிக்கொள்ளலாம். நடு ஆள் மட்டுமே கடைசிவரை முன்னால் குந்தியிருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

இருக்கை ஏன் இவ்வளவு குறுகல் என்பதற்குச் சுற்றி வளைத்து விளக்கம் தேவையில்லை. பதினொரு வரிசைகளில் வரிசைக்கு ஐவர் என்றால் 55 பேர். நால்வர் என்றால் 44. டீசலும் டிரைவர், கண்டக்டர் சம்பளமும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. குறைந்த கட்டணத்தில் ஓட வேண்டிய பஸ்ஸில் அந்தப் பதினொரு பேரை விட்டுவிட முடியாது. இதில் நியாயம் இருக்கிறது. ஐந்தாவது இருக்கையை எடுத்துவிட்டால் அந்த ஐந்தாவது ஆள் நின்றுகொண்டு வருவார், அவ்வளவுதான்.

விமானங்களின் கதையில் அந்த நியாயம் குறைவு. 737-ன் உடல் அகலம் 1950களில் வடிவமைத்த 707-லிருந்து வந்தது. 1980களில் ஏர்பஸ் தன் ஏ320-ஐச் சில அங்குலம் அகலமாக அமைத்ததால் அதில் ஓர் இருக்கைக்கு 18 அங்குலம் கிடைக்கிறது. பெரிய விமானங்களிலோ இடம் இருந்தும் பறிக்கப்பட்டது. போயிங் 777 1995-ல் சேவைக்கு வந்தபோது சாதாரண வகுப்பில் வரிசைக்கு ஒன்பது பேர் என்பதே வழக்கம். பின்னர் அதே உடலுக்குள் பத்துப் பேரை வைத்தார்கள். விமானம் ஒரு அங்குலம்கூட அகலவில்லை.

நம் ரயில்வேயும் இந்த ஆசையிலிருந்து தப்பவில்லை. 2000களின் பிற்பகுதியில் தூங்கும் வசதிப் பெட்டிகளில் பக்கவாட்டு இரண்டு படுக்கைகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்றைச் செருகினார்கள். 72 பேர் பயணம் செய்த பெட்டியில் 81 பேர். கீழே உட்கார்ந்தவர் தலை நிமிர முடியவில்லை. நடுவில் படுத்தவர் புரள முடியவில்லை. பயணிகள் போட்ட கூச்சலில் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்துவிட்டதுதான் இங்கே ஆச்சரியம். பொதுவாக இப்படிச் செருகியவை திரும்பி வெளியே வருவதில்லை.

அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போனது. 2017 ஜூலையில் பயணிகள் அமைப்பொன்று தொடுத்த வழக்கில் தீர்ப்பு எழுதிய நீதிபதி பாட்ரிசியா மில்லெட், "நம்ப முடியாத அளவுக்குச் சுருங்கிக்கொண்டே போகும் விமான இருக்கையின் வழக்கு" என்றே அதை வர்ணித்தார். அடுத்த ஆண்டு நாடாளுமன்றம், இருக்கைகளுக்குக் குறைந்தபட்ச அளவு வகுக்கும்படி விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்குச் சட்டத்திலேயே சொன்னது. ஆனால் சட்டம் கேட்டது பாதுகாப்புக்குத் தேவையான அளவை, சௌகரியத்துக்கு அல்ல. அவசரத்தில் 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியுமா என்பதே கேள்வி. பக்கத்துப் பயணியின் தோள் உங்கள் விலாவில் குத்துகிறதா என்று எந்த அதிகாரியும் கேட்கப்போவதில்லை. 2022-ல் பொதுமக்கள் கருத்தைக் கேட்டார்கள். அதையும் பாதுகாப்புக் கேள்வியாகத்தான் கேட்டார்கள்.

இப்படி மேலே யாரோ எடுத்த முடிவின் பாரம், கடைசியில் பெயர் தெரியாத இரண்டு பேரின் நடுவே வந்து இறங்குகிறது. அவர்கள் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது, இருக்கை நீளப் பலகையா, தனித்தனிக் குழியா என்பதைப் பொறுத்தது.

நீளப் பலகைக்கு மும்பை புறநகர் ரயிலைவிட நல்ல உதாரணம் கிடையாது. உச்ச நேரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 14 முதல் 16 பேர் நிற்கும் கூட்டத்துக்கு ரயில்வே தன் ஆவணங்களில் தனிப் பெயரே வைத்திருக்கிறது. இரண்டாம் வகுப்பில் மூவருக்கான பலகையில் நான்காமவர் உட்காருவது அங்கே எழுதப்படாத உரிமை. அதற்கு 'ஃபோர்த் சீட்' என்றே பெயர். கேட்கவும் வேண்டாம், பலகை முனையில் வந்து நின்று கையை லேசாக அசைத்தால் மூவரும் தள்ளிக்கொள்வார்கள். நான்காமவருக்குக் கிடைப்பது பாதிச் சீட்டு. ஒரு தொடை பலகையில், மறு தொடை காற்றில். ஜன்னலோரத்து ஆள் இறங்கியதும் எல்லோரும் ஒரு இடம் உள்ளே நகர, அவருக்கும் முழுச் சீட்டு வந்துவிடும். மாதம் முழுவதும் அதே ரயிலில் அதே பெட்டியில் வருகிறவர்கள் பாதி வழியில் எழுந்து, நிற்கிறவருக்கு இடம் கொடுப்பதும் உண்டு. மறுப்பவரைச் சுற்றியிருப்பவர்களே விடமாட்டார்கள். முதல் வகுப்பில் பொதுவாக இந்த வழக்கம் எடுபடாது; கூடுதலாகக் கொடுத்த பணம் முதலில் வாங்கித் தருவது அந்த நான்காம் ஆளிடமிருந்து விடுதலையைத்தான்.

பலகையின் சிறப்பு, அது யாருக்கும் கோடு கிழிப்பதில்லை. ஒல்லியான கல்லூரி மாணவர் விட்டுவைத்த ஐந்து சென்டிமீட்டர், பக்கத்துப் பெரியவரிடம் தானாகப் போய்ச் சேர்கிறது. சராசரிக்குப் பொருந்தாத உடல்களை அது சராசரியாக்கிவிடுகிறது. பருமனான ஒருவர் அங்கே யாருடைய இடத்தையும் பறிப்பதாகத் தோன்றுவதில்லை. ஆனால் பலகைக்கும் ஒரு கொடுமை உண்டு. மூவரில் ஒருவர் பெரிய உடம்புக்காரர் என்றால் நான்காம் சீட்டு கிடையாது. வந்து நின்றவர் பலகையை ஒருமுறை, அவரை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்துபோவார். அந்தப் பார்வைக்குப் பயந்தே, இடம் இருந்தும் நின்றுகொண்டு வருகிற பெரிய உடம்புக்காரர்கள் உண்டு. நம் பஸ்களிலும் அவர்களைப் பார்க்கலாம்: கால் கடுக்கக் கம்பியைப் பிடித்தபடி, "பரவாயில்லை, அடுத்த நிறுத்தம்தான்" என்று சொல்லிக்கொண்டு பத்து நிறுத்தம் வருகிறவர்கள்.

ஜப்பான் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. அங்கே பெட்டியின் சுவரோரமாக நீள இருக்கை. ஏழு பேர் உட்கார வேண்டியது. ஆனால் முன்பின் தெரியாதவரிடம் "தள்ளி உட்காருங்கள்" என்று வாய்விட்டுக் கேட்பது அங்கே எளிதல்ல. ஆறு பேர் இடைவெளி விட்டு உட்கார்ந்துவிட்டால் ஏழாமவர் நின்றே போவார். எனவே கேட்கும் வேலையை இருக்கையிடமே கொடுத்துவிட்டார்கள். 1979-ல் அறிமுகமான 201 வரிசை ரயில்களில் ஏழில் நடு இடத்துக்கு மட்டும் வேறு நிறத் துணி. அந்த நிறத்தின்மீது ஒருவர் உட்கார்ந்துவிட்டால் இருபுறமும் மூவர் மூவராக அமைந்துவிடும். பின்னர் இருக்கையில் ஆளுக்கொரு குழி வந்தது. இரண்டு, மூன்று, இரண்டு என்று பிரிக்கும்படி கம்பங்கள் வந்தன. உடல்கள் வளர்ந்ததையும் அவர்கள் கவனித்தார்கள். பழைய ரயில்களில் தலைக்கு 43 சென்டிமீட்டராக இருந்த இடம், 2006-ல் வந்த இ233 வரிசையில் 46 ஆனது. மூன்று சென்டிமீட்டர் பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஏழு பேருக்கு 21 சென்டிமீட்டர். ஒரு தலைமுறை கூடுதலாகச் சாப்பிட்டு வளர்ந்ததற்கு ரயில் காட்டிய மரியாதை அது.

நம் பக்கம் அந்த மரியாதை நடக்கவில்லை. தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களில் உடல் எடை கூடுதலாக உள்ளவர்கள் 2015-16-ல் 30.9 விழுக்காடு, 2019-21-ல் 40.4 விழுக்காடு. ஆண்களில் ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 37 விழுக்காடு. அரசு நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின், அந்த இருக்கைகளில் கூடுதலாக உட்காருபவர்களும் பெண்களே. ஐந்து பெண்களில் இருவருக்குப் பொருந்தும் ஓர் உடலமைப்பை விதிவிலக்காக நினைத்து, "இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டியதுதானே" என்று சிரிப்பது இன்னும் நின்றபாடில்லை. சொல்கிறவருக்குப் பெரும்பாலும் தன் தொப்பை தெரிவதில்லை.

இடத்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று உடம்பு எடுப்பது. மற்றொன்று பழக்கம் எடுப்பது. இடுப்பையும் தோளையும் ஏறி உட்கார்ந்த பிறகு சுருக்க முடியாது. அகட்டிய கால், மடியில் இருக்க வேண்டிய பை, விரித்த செய்தித்தாள், பக்கத்தவரின் விலாவை நோக்கி நீட்டிய முழங்கை, முதுகில் மாட்டியபடியே சாய்ந்துகொண்ட பள்ளிப்பை ஆகியவற்றை நொடியில் சுருக்கலாம். கோபம் வருமானால் இரண்டாவது வகையின்மீதுதான் வர வேண்டும். நடைமுறையில் தலைகீழாக நடக்கிறது. ஒடுங்கி, மூச்சை அடக்கி, மன்னிப்புக் கேட்பதுபோல் உட்கார்ந்திருக்கும் பருமனான பெண்ணைப் பார்த்து முகம் சுளிக்கிற நாம், இரண்டு பேர் இடத்தில் காலை அகட்டி அமர்ந்திருக்கும் ஒல்லியான இளைஞரை ஒன்றும் சொல்வதில்லை.

நியூயார்க் போக்குவரத்து ஆணையம் 2014 டிசம்பரில் இந்த இரண்டாவது வகையைத்தான் குறிவைத்தது. காலை அகட்டி அமரும் ஆண்களைக் கேலிசெய்யும் எளிய சித்திரங்களோடு, இது இடப் பிரச்சினை என்று சுரங்க ரயில்களில் விளம்பரம் வைத்தார்கள். 2017-ல் மாட்ரிட் நகரப் பஸ்களிலும் அப்படியொரு சித்திரம் ஒட்டப்பட்டது. இரண்டும் உடல் பருமனைத் தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனாலும் கால் அகட்டுவதெல்லாம் திமிர் என்று எழுதிவிட முடியாது. அதே ராணுவக் கணக்கில் ஆணின் பின்புறத்திலிருந்து முழங்கால் நுனி வரை சராசரி 61 சென்டிமீட்டருக்கு மேல். உயரமானவர்களுக்கு 66, 67 வரை போகும். மலிவுக் கட்டண விமானங்களில் ஓர் இருக்கைக்கும் அடுத்ததற்கும் இடையே 28 அங்குலம், அதாவது 71 சென்டிமீட்டர் இருந்தால், முதுகுச் சாய்வின் தடிமன் போக உயரமானவரின் முழங்கால் நேராக நிற்க வழியில்லை. பக்கவாட்டில் விலகத்தான் செய்யும். நம் பஸ்களிலும் அப்படித்தான். முட்டி முன்சீட்டுத் தகரத்தில் இடிப்பவரை, "காலைச் சேர்த்து வையுங்கள்" என்று அதட்டுவதில் பயனில்லை. அவருக்கு வேண்டியது நடைபாதை ஓரம்.

உரசல் வேறு விஷயம். நெரிசலைச் சாக்கிட்டுப் பெண்களின்மீது சாய்கிறவர்களால், உண்மையிலேயே இடம் போதாமல் பக்கத்தவர்மீது படும் ஒவ்வொரு தோளும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. வேறுபாட்டைப் பெரும்பாலான பெண்கள் விநாடிகளில் அறிந்துவிடுகிறார்கள்: இடம் போதாதவர், நீங்கள் விலகினால் அந்த இடைவெளியை இடைவெளியாகவே விட்டுவைப்பார், வேண்டுமென்றே செய்கிறவர் அந்த இடைவெளிக்குள்ளும் வருவார். முதலாமவரோடு பேசலாம். இரண்டாமவருக்குக் குரலை உயர்த்துவதும் கண்டக்டரை அழைப்பதுமே மொழி. நாகரிகம், அனுசரணை என்ற பேச்சே அங்கே வேண்டாம். பெரிய உடம்புள்ள ஆண்கள் முன்யோசனையாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இடம் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவது. தமிழ்நாட்டில் இதைப் பலர் யாரும் சொல்லாமலே செய்கிறார்கள்.

கூடுதல் இடம் வேண்டியவர் கூடுதல் பணம் கொடுக்க வேண்டுமா? அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் இருக்கைகளுக்கு இடையிலான கைப்பிடியையே எல்லைக்கல்லாக வைத்தது. கைப்பிடியை முழுவதும் இறக்க முடியாதவர் இரண்டாவது இருக்கையும் வாங்க வேண்டும்; நீண்டகாலம் அந்தப் பணத்தைப் பயணத்துக்குப்பின் திருப்பித் தரும் வழக்கமும் அங்கே இருந்தது. சமோவா ஏர் என்ற சிறிய நிறுவனம் 2013-ல் உலகச் செய்தியானது. அங்கே டிக்கெட் விலையே பயணியும் பெட்டியும் சேர்ந்த எடைக்கு, கிலோ கணக்கில்.

கனடா நேர் எதிர்த்திசையில் போனது. 2008 ஜனவரியில் கனடாவின் போக்குவரத்து முகமை, ஒருவருக்கு ஒரு கட்டணம்தான் என்று தீர்ப்பளித்தது. உடல் பருமனால் இயங்குவதில் குறைபாடு உள்ளவர்களும், உதவியாளர் தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளும் உள்நாட்டு விமானங்களில் இரண்டாவது இருக்கைக்குப் பணம் தரத் தேவையில்லை. நிறுவனங்கள் செலவைக் காட்டி வாதாடின. முகமை கணக்குப் போட்டுப் பார்த்தது: ஏர் கனடாவுக்கு ஒரு டிக்கெட்டுக்கு 77 சென்ட், வெஸ்ட்ஜெட்டுக்கு 44 சென்ட். அந்த ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்துவிட்டது. எனக்கு இந்தக் கணக்குதான் பிடித்திருக்கிறது. ஒருவரின் அவமானத்தைத் தீர்க்க எல்லோரும் ஒரு தேநீர் விலைகூடக் கொடுக்க வேண்டியதில்லை என்று ஓர் அரசு அமைப்பு எண்ணால் காட்டியது. தோராயமாக மூன்று பயணிகளில் ஒருவரோ இருவரோ இதைக் கேட்கும் நிலை வந்தால் கணக்கு மாறும். அப்போது இருக்கையையே மாற்ற வேண்டியிருக்கும்.

சட்டமும் விதியும் எட்டாத பஸ்ஸில் நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான். மூவர் இருக்கையில் பெரிய உடம்புள்ளவருக்கு ஏற்றது நடைபாதை ஓரம். ஜன்னல் பக்கம் தகரம் இளகாது. நடுவிலோ இரண்டு பேருக்கும் சிரமம். ஓரத்தில் உட்கார்ந்தால் நிற்கிறவர்களின் பை தோளில் இடிக்கும், ஆனால் ஒரு பக்கமாவது வழிவிடும். ஏற்கெனவே ஓரத்தில் அமர்ந்திருப்பவர் எழுந்து, "நீங்கள் இங்கே உட்காருங்கள் அக்கா, நான் நடுவில் போகிறேன்" என்று சொன்னால் வேலை முடிந்தது. காரணம் சொல்லத் தேவையில்லை. சொல்லாமல் இருப்பதுதான் அழகு. பெரிய உடம்புள்ளவர் இருவரும் ஒல்லியானவர் ஒருவரும் என்றால் ஒல்லியானவர் நடுவில். குழந்தையை மடியில் வைத்திருப்பவர் ஜன்னலோரம்.

கேட்க வேண்டி வந்தால், தன் தேவையைச் சொல்லிக் கேட்பதற்கும் அடுத்தவர் அளவைச் சொல்லிக் கேட்பதற்கும் உள்ள தூரம் பெரிது. "அண்ணா, எனக்கு ஒரு கால் வெளியே நிற்கிறது, கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொள்கிறீர்களா?" என்றால் நகர்ந்துவிடுவார். "நீங்களே முழு சீட்டையும் எடுத்துக்கொண்டீர்கள்" என்றால், நகர இடம் இருந்தாலும் நகரமாட்டார். இன்னொன்று: நகர்ந்தபின் நன்றியாக ஒரு தலையசைப்பு. துண்டையோ கைக்குட்டையையோ ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடித்தவர்களுக்கு இந்த அறிவுரை எதுவும் பொருந்தாது. அவர்களோடு வாதாடி வென்றவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

ரயிலில் ஆர்ஏசி டிக்கெட் கிடைத்தவர்களின் பாடு தனி. பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை ஒன்று. முன்பின் தெரியாத இருவர். பகலில் அது எதிரெதிரே இரண்டு இருக்கை. இரவில் இரண்டையும் மடக்கி இணைத்தால் இருவரும் எதிரெதிராகக் காலை நீட்டிக்கொள்ளலாம். ஒருவர் பாதம் மற்றவர் இடுப்பருகே. இருவரில் ஒருவர் பருமனாக இருந்தால் நீட்டவும் முடியாது. ஏறியவுடனே பேசி முடிவுசெய்பவர்களின் இரவு ஒழுங்காகக் கழிகிறது. நள்ளிரவு வரை நீங்கள் படுங்கள், பிறகு நான். அல்லது ஒருவர் படுக்க மற்றவர் ஓரத்தில் சாய்ந்துகொள்வது. பேசாமல், தூக்கம் வந்தபோது அங்குலம் அங்குலமாகக் காலை நகர்த்தி எல்லையைப் பிடிப்பவர்கள் விடிய விடிய இருவருமே தூங்குவதில்லை. முன்பதிவுப் பெட்டியில் நடுப் படுக்கையை விரிக்கும் உரிமை இரவு 10 முதல் காலை 6 வரை மட்டுமே என்ற விதி, கீழே உட்கார்ந்திருக்கும் மூவருக்காகப் போடப்பட்டது. அந்த மூவரில் முதுகு வலிக்காரர் ஒருவர் இருந்தால் எட்டரை மணிக்கே விரிக்க விடலாம். விதி அதைத் தடுக்கவில்லை.

இவ்வளவும் சொன்னபின் ஒல்லியானவரின் தரப்பும் இருக்கிறது. அவரும் முழு டிக்கெட் எடுத்தவர். எட்டு மணி நேரப் பயணத்தில் பாதி இருக்கையில் வளைந்து உட்கார்ந்து, வலித்த முதுகோடு இறங்குவதை யாரும் அவரிடம் கடமையாக எதிர்பார்க்கக் கூடாது. அரை மணி நேர நகரப் பஸ்ஸில் பொறுத்துக்கொள்ளலாம். இரவுப் பயணத்தில் முடியாது. அப்போது கேட்க வேண்டியது பக்கத்துப் பயணியிடம் அல்ல. கண்டக்டரிடமோ, டிக்கெட் பரிசோதகரிடமோ, விமானப் பணியாளரிடமோ எழுந்துபோய்த் தணிந்த குரலில், "வேறு இடம் காலியாக இருக்கிறதா?" என்று கேட்டால் போதும். இருந்தால் கொடுப்பார்கள். அதில் இருவருக்கும் நிம்மதி. பருமனானவருக்கு அதிக நிம்மதி.

விமானத்தில் நடு இருக்கைக்காரருக்கு இரண்டு கைப்பிடிகளையும் விட்டுக்கொடுப்பது பரவலான மரபு. ஜன்னல்காரருக்குச் சாயச் சுவர் இருக்கிறது, ஓரத்துக்காரருக்குக் கால் நீட்ட நடைபாதை இருக்கிறது, நடுவில் இருப்பவருக்கு ஒன்றுமில்லை. இருக்கைப் பட்டை எட்டாதவர் வெட்கப்பட வேண்டியதில்லை. நீட்டிப்புப் பட்டை விமானத்திலேயே இருக்கும், ஏறும்போதே வாசலில் நிற்கும் பணியாளரிடம் மெதுவாகச் சொன்னால் கையில் கொடுத்துவிடுவார். அவசர வழி அருகிலுள்ள வரிசையில் பொதுவாக அந்தப் பட்டைக்கு அனுமதியில்லை என்பதால், இடம் தேர்ந்தெடுக்கும்போதே அதைத் தவிர்த்துவிடுவது நல்லது. ஓர இருக்கையின் வெளிக் கைப்பிடி அசையாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பல விமானங்களில் அது தூக்கக்கூடியதுதான். கீல் இருக்கும் இடத்தில் அடிப்பக்கமாகத் தடவினால் ஒரு சிறிய பொத்தானோ நெம்புகோலோ கையில் படும். புறப்படும்போதும் இறங்கும்போதும் மட்டும் அதை இறக்கி வைக்கச் சொல்வார்கள்.